பழைய கேட் இருந்த இடம்

முட்டி வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கிற என் வயசுக்காரர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது இனிக்கிற நினைவு இல்லை. சின்ன வயசு என்றாலே மாங்காய், ஊஞ்சல், காகிதக் கப்பல் என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும், அவர்களுக்கு அப்படி வாய்த்திருக்கிறது. எனக்கு ஒரு கோடைக்காலம் வாய்த்தது. அதை ஐம்பது வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். போன மாதம் எங்கள் ஊர் ரயில்வே கேட்டை நிரந்தரமாக மூடி, ரோட்டுக்குக் குறுக்கே சுவர் எழுப்பிவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

மேம்பாலம் வந்துவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். என் மகன் ஸ்கூட்டரில் என்னை உட்காரவைத்து, பாலத்தைக் காட்டவே கூட்டிக்கொண்டு போனான்.

"இனிமே கேட்ல நிக்கற பேஜாரே இல்லமா. சர்ருன்னு ஏறி சர்ருன்னு எறங்கிடலாம்" என்றான்.

பாலத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தச் சொன்னேன். "இங்க இன்னா இருக்குது பாக்கறதுக்கு?" என்று கேட்டான். ஒன்றும் இல்லைதான். சுவர், சுவரில் இரண்டு கல்யாண போஸ்டர், சீமைக் கருவேலம். சுவருக்கு இந்தப் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து ஒரு முழ நீளத்துக்குத் தண்டவாளத் துண்டு ஒன்று துருப்பிடித்து எட்டிப்பார்த்தது. மற்றதையெல்லாம் எப்போதோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் துண்டை மட்டும் ஏன் விட்டார்களோ தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் காலை வைத்தேன். சுட்டது. மகன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். வயதானால் இப்படித்தான் என்று நினைத்திருப்பான்.

எங்கள் ஊர் ஆம்பூருக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அப்பா மாட்டு வண்டிக்காரர். நெல் மூட்டை, வைக்கோல் ஏற்றுகிற வண்டி இல்லை, தோல் வண்டி. ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வந்து இறங்கும் உப்புத்தோலை ஆற்றோரத்தில் தோல் பதனிடுகிற டேனரிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. அவருடைய பாட்டன் காலத்தில் தோலும் உப்பும் ஆவாரம்பட்டையும் வண்டியிலேயே மெட்ராஸ் வரை போகுமாம், வருமாம். இருபது முப்பது வண்டி வரிசையாகப் போகும், பாலாற்று மணலில் இறங்கும்போது ஒரு வண்டிக்கு இரண்டு ஜோடி மாடு பூட்டுவார்கள், வழியில் சமைத்துத் தின்றுகொண்டு நாள் கணக்கில் நடப்பார்கள் என்று அப்பா சொல்லுவார். ரயில் வந்தது, நீளமான வழியெல்லாம் ரயிலுக்குப் போனது. ஸ்டேஷனுக்கும் டேனரிக்கும் நடுவில் இருந்த ஒன்றரை மைல் மட்டும் வண்டிக்காரனுக்கு மிஞ்சியது. அந்த ஒன்றரை மைலில்தான் நாங்கள் ஐந்து பேர் சாப்பிட்டோம்.

அப்பாவின் மாடுகள் இரண்டு. ஒன்று மயிலை, ஒன்று செவலை. தோல் வண்டிக்குப் பழகிய மாட்டை வேறு எதற்கும் பூட்டமாட்டார்கள். கல்யாணச் சீர் ஏற்ற ஒருவரும் கேட்கமாட்டார்கள், அந்த வாடை அப்படி. புது மாடு என்றால் தோல் மூட்டையின் பக்கத்திலேயே வராது, திமிறும். இவை இரண்டும் பழகிப்போனவை. அப்பாவும் பழகிப்போனவர். அவர் குளித்துவிட்டு வந்து சட்டை மாற்றினாலும் முதுகில் உப்பு வாடை இருக்கும். எனக்கு அதுதான் அப்பா வாடை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்று ஒரு பெண் டீச்சரிடம் சொன்ன பிறகுதான், அது மற்றவர்களுக்கு நாற்றம் என்று எனக்குத் தெரிந்தது.

வேகனைத் திறக்கிற நேரத்துக்கு வண்டிக்காரர்கள் அங்கே இருந்தாக வேண்டும். அதனால் இருட்டோடு எழுந்து போய்விடுவார்கள். ஈரத்தோல் கல் மாதிரி கனக்கும். தூக்கித் தூக்கி, உப்புத்தண்ணீர் கழுத்தில் வழிந்து, தோள்பட்டை வெடித்திருக்கும். லோடு ஏற்றி முடித்து வண்டி கிளம்ப பத்து மணி, பதினோரு மணி ஆகிவிடும். கிளம்பியதும் வண்டிக்காரர் லோடின் மேல் ஒரு சாக்கை விரித்துக் குப்புறப் படுத்துவிடுவார். தூங்கிவிடுவார். இது அப்பா மட்டும் செய்தது இல்லை, எல்லா வண்டிக்காரர்களும் அப்படித்தான். ஷெட்டிலிருந்து கேட், கேட்டிலிருந்து ஆற்றங்கரை, ஆற்றங்கரையில் டேனரி. மாட்டுக்கு வழி தெரியும். அதை ஒருவரும் தப்பாக நினைத்ததில்லை.

அந்தக் கேட்டைப் பார்த்துக்கொண்டவரை நான் கேட்டு மாமா என்று கூப்பிடுவேன். சொந்தம் ஒன்றும் இல்லை. அப்பா வயதுதான் இருக்கும். ஒல்லியாக இருப்பார், காக்கிச் சட்டை, ஒரு கையில் எப்போதும் சுருட்டிய கொடி. லைனுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை, சின்னத் திண்ணையளவு சமையலிடம், அவ்வளவுதான் அவர்கள் வீடு. வேலை இருக்கிற வரைக்கும் வீடு. அவருடைய ஒரே மகள் என் தோஸ்த். அவளை அப்படித்தான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். மாமாவின் கொடிகள் கிழிந்துபோனால் அந்தத் துணியில் தோஸ்த் மரப்பாச்சிக்குப் பாவாடை தைப்பாள். பாவாடை பச்சை, தாவணி சிவப்பு. "போவலாமா நிக்கலாமான்னு பொம்மைக்கே கொழப்பம்" என்று மாமா சிரிப்பார்.

லீவு நாட்களில் அப்பா வண்டி வருகிற நேரத்துக்கு நானும் தோஸ்த்தும் கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் நிற்போம். அங்கே வெள்ளையடித்த கல் ஒன்று இருந்தது. ஸ்டேஷன் வாசலில் பழம் நறுக்கி விற்கிற கடையிலிருந்து தகர டப்பா நிறையத் தர்பூசணியின் பழத்தோலைப் பொறுக்கிவந்து வைத்திருப்போம். கேட் மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் மயிலையும் செவலையும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிடும். நாங்கள் ஊட்டுவோம். பச்சைத் தோல் கறுக்கு கறுக்கு என்று கடிபடும் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். தின்று முடித்ததும் கேட்டு மாமா நாக்கைத் தட்டி "த்தா... நட" என்பார். வண்டி ஆடிக்கொண்டு லைனைத் தாண்டும். அப்பா தலையைத் தூக்கி "கேட் வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார்.

அந்தக் கோடையில் கூட்ஸ் ஷெட்டை நீட்டினார்கள். அதற்காக ஊர்ப் பக்கமாக இன்னொரு தடம் போட்டார்கள், வேகன்களை மட்டும் தள்ளிக்கொண்டு போய் நிறுத்துவதற்கு. தார் பூசிய கட்டைகள் வந்து இறங்கின. வெயிலில் தார் இளகி ஊரெல்லாம் அந்த வாசனை. புங்கமரத்தை வெட்டினார்கள். வெள்ளைக் கல்லைப் பெயர்த்தார்கள். பழைய கேட்டைக் கழற்றி, ஊர்ப் பக்கம் பதினைந்து தப்படி தள்ளிப் புதுக் கேட் போட்டார்கள். எங்கள் மாடுகள் நின்று தின்ற இடம் இப்போது கேட்டுக்கு உள்ளே, புதுத் தண்டவாளங்களுக்கு நடுவில் இருந்தது.

அப்பாவுக்கு ஒரே உற்சாகம்.

"வேகன் ஜாஸ்தி வரப் போவுதுப்பா. லோடு ஜாஸ்தி ஆவும். இன்னொரு ஜோடி மாடு கட்டலாம்னு பாக்கறேன்" என்று கேட்டு மாமாவிடம் சொன்னார்.

"உனக்கு மாடு ஜாஸ்தி ஆவுது, எனக்குத் தூக்கம் கம்மி ஆவுது. இன்னாண்ணா நியாயம் இது?" என்றார் மாமா.

இரண்டு பேரும் பீடி பற்ற வைத்துக்கொண்டார்கள். அடுத்த சில வருடங்களில் லாரி வந்து அந்த ஒன்றரை மைலையும் எடுத்துக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரியாது. புதுத் தடம் போட்டவர்களுக்காவது தெரிந்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு. தடத்தில் துரு ஏறியதுதான் மிச்சம்.

புதுக் கேட் வந்த பிறகு எல்லா வண்டி மாடுகளும் கொஞ்ச நாள் தடுமாறின. பழைய இடத்தில் வந்து நின்று, இல்லாத கேட் திறக்கட்டும் என்று காத்திருக்கும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். கேட்டு மாமா ஓடிவந்து கையைத் தட்டி விரட்டுவார். ஒரு வாரத்தில் மற்ற மாடுகளுக்குப் பழகிவிட்டது. எங்கள் மயிலைக்கும் செவலைக்கும் மட்டும் பழகவில்லை. "உங்கப்பன் மாடு அப்பன மாதிரியே, ஒருதரம் ஒரு எடத்துல உக்காந்தா எழுந்திரிக்காது" என்று மற்ற வண்டிக்காரர்கள் என்னிடம் கிண்டல் செய்தார்கள்.

அவர்களுக்குத் தெரியாத காரணம் எனக்கும் தோஸ்த்துக்கும் தெரியும். நாங்கள் பழத்தோலை அங்கேயேதான் கொடுத்துக்கொண்டிருந்தோம். புதுக் கேட்டுக்கு வெளியே இரண்டு நாள் கொடுத்துப் பார்த்தோம். அவை அங்கே நிற்காமல் போய், பழைய இடத்தில் நின்று, காலடியில் மூக்கை வைத்துத் தேடின. "ஐயோ பாவம், தேடுதுடி" என்றாள் தோஸ்த். எனக்குத் தாங்கவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கேட்டு மாமா ஒருநாள் பார்த்துவிட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். டப்பாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. இங்க குடுக்காதீங்க. லைன் மேல மாட்ட நிக்கப் பழக்கறீங்களா? அந்தாண்ட தாண்டி வந்தப்புறம் குடுங்க. இன்னா, புரிதா?"

"அந்த லைன்ல ரயிலே வரதில்லயே மாமா" என்றேன். உண்மைதான். அதுவரை அந்தத் தடத்தில் ஒரு வேகன்கூட ஓடவில்லை. நாங்கள் அதன்மேல் கைகோத்து நடந்து பழகிக்கொண்டிருந்தோம்.

"வரும் பாப்பா. வரதுக்குத்தான் போட்டிருக்கான்" என்று சொல்லி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்.

நாலு நாள் அவர் சொன்னபடி கேட்டோம். அப்புறம் அவர் பார்க்காத நேரம் பார்த்து பழையபடி ஆரம்பித்தோம். பிள்ளைகள்தானே என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் எனக்கு நிறைய தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

கத்திரி வெயில் நாள் அது. முந்தின நாள் சாயந்திரமே கேட்டு மாமா எங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "நாளைக்கு இந்தத் தடத்துல வேகன் தள்ளுவாங்க. நீங்க யாரும் லைன்ல நிக்கக்கூடாது. வீட்டுக்குள்ள உக்காந்துக்கினு ஜன்னல்ல பாருங்க."

நான் சொல் பேச்சுக் கேட்கிற பெண். நிற்கக் கூடாது என்றார், நிற்கவில்லை. ஆனால் மாடு வந்து தேடுமே. அதனால் டப்பாவில் இருந்த பழத்தோலை எல்லாம் பழைய இடத்தில், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் கொட்டிக் குவித்தேன். தோஸ்த் டப்பாவைத் தட்டிக் காலி செய்தாள். பிறகு இரண்டு பேரும் சமர்த்தாக உள்ளே போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

மாமாவுக்கு அன்று அங்கே இங்கே ஓட்டம். தரையைக் கவனிக்க நேரம் இல்லை. அப்பா வண்டி புதுக் கேட்டுக்குள் நுழைகிற நேரத்தில் தூரத்தில் ஊதல் கேட்டது. வேகன்கள் வெகு தொலைவில் இருந்தன. மாமா நிதானமாகப் பார்த்தார். ஒரு வண்டி தாண்டிப்போக வேண்டிய நேரத்தைப்போல் மூன்று மடங்கு இருந்தது. "த்தா... நட, நட" என்று வண்டியை உள்ளே விட்டுவிட்டுக் கேட்டைச் சாத்தப் போனார். நான் பார்த்தேன், அதனால் சொல்கிறேன். நேரம் இருந்தது.

மாடுகள் பழைய இடத்துக்கு வந்தன. நின்றன. தலையைக் குனிந்து தின்ன ஆரம்பித்தன.

மாமா கையைத் தட்டினார். கத்தினார். லோடின் மேல் அப்பா குப்புறப் படுத்திருந்தார், அசையவில்லை. மாமா ஓடிவந்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தார். செவலை தலையை உதறிக்கொண்டு மறுபடி பழத்தோலுக்கே குனிந்தது. சிவப்புக் கொடியை விரித்து ஆட்டினார். எஞ்சின் வேகன்களுக்குப் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு வந்தது, அதை ஓட்டியவருக்கு முன்னால் இருப்பது தெரியாது. எஞ்சின் இல்லாத முகத்தோடு வேகன் வந்தால் சத்தமே இருக்காது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மெதுவாகத்தான் வந்தது. மாமா கயிற்றை விட்டுவிட்டு, சக்கரத்தில் ஏறி அப்பாவின் காலைப் பிடித்து இழுத்தார். அதற்குள் இடித்துவிட்டது.

அப்பா உயிரோடு இருந்தார். இடது கால் முட்டிக்குக் கீழே கூழாகிவிட்டது. மயிலை அங்கேயே போய்விட்டது. செவலை நுகத்தடியோடு சாய்ந்து கிடந்தது, ஆனால் எழுந்துகொண்டது. டேனரி முதலாளி பாய் தன்னுடைய காரை அனுப்பி அப்பாவை வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆட்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அம்மா எங்கிருந்தோ தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். ஸ்டேஷனிலிருந்து அதிகாரிகள் இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில் கேட்டு மாமா தண்டவாளத்துக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து, ரத்தத்தோடு கிடந்த பழத்தோல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துண்டில் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு துண்டோடு கொண்டுபோய் வேலிக்கு அந்தப்பக்கம் எறிந்தார். லைனைச் சுத்தம் செய்கிறார் என்று நினைத்தேன். அவர் வேலையே அதுதானே.

மயிலையை அன்று மாலையே ஆற்றோரத்தில் உரித்தார்கள். எங்கள் பக்கத்தில் செத்த மாட்டைச் சும்மா புதைக்கமாட்டார்கள். உப்புப் போட்டு மடித்து வைத்தார்கள். அந்தத் தோல் யார் வண்டியில் ஏறியது, எந்த டேனரியின் சுண்ணாம்புத் தொட்டிக்குப் போனது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பின்னால் பெரியவளாகி, ஷூ கம்பெனியில் முப்பது வருடம் மேல்தோல் தைக்கிற லைனில் உட்கார்ந்திருந்தேன். வந்த தோலைத் தைத்தேன், எது எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை. யோசித்தால் வேலை செய்ய முடியாது.

பத்து நாள் கழித்து ஸ்டேஷனில் விசாரணை என்றார்கள். அதற்கு முந்தின நாள் பெரியப்பா வந்தார், அப்பாவின் அண்ணன். அம்மாவையும் என்னையும் உட்காரவைத்துப் பேசினார்.

"இவன் தூங்கிக்கினு வந்தான்னு அந்தக் கேட்டுக்காரன் சொல்லப் போறான். அது எழுத்துல ஏறிடுச்சின்னா கேஸ் நம்ம மேல திரும்பிடும். கால் இல்லாதவன ஜெயில்ல போடுவாங்களா, அத்த நீங்க பாத்துக்குங்க. ஜன்னல்ல நின்னு பாத்தது இந்தப் பொண்ணு ஒண்ணுதான். அப்பா முழிச்சிக்கினு இருந்தாருன்னு சொன்னா போதும்."

"கேட்டுக்காரரு பொண்ணும் பாத்துச்சே" என்றாள் அம்மா.

"அவன் பொண்ணு அவனுக்குத்தான சொல்லும். அத்த யாரு எடுத்துக்கப் போறா?"

அம்மா என் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். பத்து நாளில் அவள் பாதியாகிவிட்டிருந்தாள். "சொல்லிடுவியா கண்ணு?" என்று மட்டும் கேட்டாள். சொல்லிவிடுகிறேன் என்றேன். பழத்தோலைப் பற்றி அவர்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்று அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கேட்டதெல்லாம் தூக்கத்தைப் பற்றித்தான். அதனால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

விசாரணை அறையில் மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். மின்விசிறி கிறீச் கிறீச் என்றது. என்னை மரியாதையாகத்தான் கேட்டார்.

"பாப்பா, வண்டி உள்ள வரும்போது உங்கப்பா தூங்கிட்டிருந்தாரா, முழிச்சிட்டிருந்தாரா?"

"முழிச்சிக்கினு இருந்தாரு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் தொடர்ந்து என்னையே பார்த்தார். நான் நம்பும்படியாக இருக்கட்டும் என்று நினைத்து, "பாட்டு பாடிக்கினு வந்தாரு" என்றேன்.

அப்பா தன் வாழ்க்கையில் ஒரு பாட்டு பாடி யாரும் கேட்டதில்லை. அது அதிகாரிக்குத் தெரியாது. சுவரோரம் நின்றுகொண்டிருந்த கேட்டு மாமாவுக்குத் தெரியும். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் சொன்னதால் என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் பெரியப்பா சொல்லித்தான் புரிந்துகொண்டேன். வண்டிக்காரன் முழித்திருந்தால் வேகனைப் பார்த்ததும் மாட்டை ஓட்டியிருப்பான். ஓட்டியும் தப்பவில்லை என்றால் நேரம் இல்லை என்று அர்த்தம். நேரம் இல்லாதபோது வண்டியை உள்ளே விட்டது கேட் கீப்பரின் தப்பு. அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. கேட்டு மாமாவுக்கு வேலை போனது. வேலையோடு வீடும் போனது.

அவர்கள் அரக்கோணம் பக்கம் சொந்தக்காரர் ஊருக்குப் போனார்கள். பாசஞ்சர் வண்டியில் போனார்கள். என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. நான் எதேச்சையாகக் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். புதிதாக வந்த ஆள் பச்சைக் கொடி காட்டினார். ஜன்னலோரத்தில் தோஸ்த் உட்கார்ந்திருந்தாள், மடியில் அந்தப் பாவாடை கட்டிய மரப்பாச்சி. கையை ஆட்டலாமா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பெட்டி தாண்டிவிட்டது. அவளும் ஒரு வார்த்தை வெளியே சொல்லவில்லை. டப்பாவைக் காலி செய்தவள் அவள். பத்து வயதில் அதை அவள் எப்படிச் சுமந்தாளோ.

மழைக்காலம் ஆரம்பித்த பிறகு அப்பா கட்டையை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்ததும் முதலில் செவலையைப் போய்த் தடவிக்கொடுத்தார். அப்புறம் கேட்டார்.

"கேட்டுக்காரன் இன்னா, என்னப் பாக்க வரவேயில்ல?"

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். நான்தான் சொன்னேன், அவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள், வேலை போய்விட்டது என்று.

"ஏன்? அவன் மேல இன்னா தப்பு? நான் தூங்கிக்கினு இருந்தேன். அவன்தான காலப் புடிச்சி இழுத்தான், இல்லன்னா முழு ஆளும் போயிருப்பேன்." கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ இன்னா சொன்ன அங்க?"

"நீ பாட்டு பாடிக்கினு வந்தேன்னு சொன்னேன்."

அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு டேனரியில் வாட்ச்மேனாகப் பதினெட்டு வருடம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ராத்திரியோ பகலோ, வேலை நேரத்தில் அவர் ஒரு நிமிஷம் கண்ணயர்ந்து யாரும் பார்த்ததில்லை என்று முதலாளி பாய் எங்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தபோது பெருமையாகச் சொன்னார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு நான் ஒரு தடவை அரக்கோணம் போனேன். ஸ்டேஷனில் இறங்கினால் அத்தனை லைன், அத்தனை கூட்டம். ஊர்ப் பெயரும் தெரியாமல், "முன்னால கேட் கீப்பரா இருந்தவரு, ஒல்லியா இருப்பாரு" என்று யாரிடம் கேட்பது? டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன். மறுபடி போகவில்லை. போயிருக்க வேண்டும்.

பெரியவர்கள் எல்லாரும் தூக்கமா முழிப்பா என்பதிலேயே நின்றுவிட்டார்கள். நல்லவர்கள்தான், அவரவர் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார்கள். மற்ற மாடுகளெல்லாம் மறந்த இடத்தை இந்த மாடுகள் மட்டும் ஏன் மறக்கவில்லை என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை என்றுதான் இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். ஒருவருக்குத் தோன்றியது. அந்தக் கண்ணாடி போட்ட அதிகாரி கேட்டார். இதுதான் நான் யாரிடமும் சொல்லாதது. சுவருக்கு முன்னால் நின்றபோது நினைவுக்கு வந்ததும் இதுதான்.

என்னைக் கேட்டு முடித்த பிறகுதான் கேட்டு மாமாவைக் கூப்பிட்டார்கள். நான் அங்கேயே ஓரமாக நின்றிருந்தேன். பாட்டு பாடிக்கொண்டு வந்தார் என்று நான் சொன்னதை அதிகாரி அப்போதுதான் எழுதி முடித்திருந்தார், மை காயவில்லை. பேனாவை நிறுத்திவிட்டு மாமாவைக் கேட்டார்:

"நேரம் இருந்துச்சுன்னு சொல்றீங்க. சரி, அப்போ மாடு ஏன் அங்க நின்னுச்சு? அதுக்கு ஒரு காரணம் இருக்கணுமில்ல? காரணம் இருந்தா சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

ஒரு வார்த்தை போதும். இந்தப் பிள்ளைகள் அங்கே தீனி வைத்தார்கள், வைக்காதே என்று நான் சொல்லியும் வைத்தார்கள் என்று சொன்னால் போதும். வேலை மிஞ்சியிருக்கும், வீடு மிஞ்சியிருக்கும். மாமா கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். வாசலில் நின்ற தன் மகளைப் பார்த்தார். பிறகு என்னை, அவருக்கு எதிராக அப்போதுதான் பொய் சொல்லி முடித்திருந்த என்னைப் பார்த்தார்.

"வாயில்லாத ஜீவன் சார்" என்றார். "ஏன் நின்னுச்சின்னு எனக்குத் தெரியாது."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.